மெட்டாலிக்கா, 22 ஜனவரி, சிங்கப்பூர்: ரெங்கம், குளுவாங் பக்கமிருந்து யார் போறீங்க?

செம்பனைக்காரன் · 4 ஜனவரி 2017

வணக்கம் மக்களே. மெட்டாலிக்கா மெட்டல் குழுவோட கச்சேரி டிக்கெட் ரெண்டு கையில இருக்கு, தரையில நிக்கிற டிக்கெட். ஒண்ணு எனக்கு, ஒண்ணு சித்தி மகனுக்கு. சிங்கப்பூர் இண்டோர் ஸ்டேடியம், 22ஆம் தேதி, ஞாயித்துக்கிழமை ராத்திரி.

அந்த ஞாயித்துக்கிழமைதான் இடிக்குது. கோலாலம்பூர்க்காரனுக்கு லீவு. நம்ம ஜொகூர் மாநிலத்துல 2014ல இருந்து வெள்ளி, சனிதான் லீவு, எங்க தோட்டமும் அதே கணக்குலதான் ஓடுது. ஞாயிறுக்கு லீவு சொல்லியாச்சு. திங்கட்கிழமை விடியக்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) நான் நின்னாகணும், கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) நானே வரலன்னா செக்ரோல் (வருகைப் பதிவேடு) அப்படியே கிடக்கும்.

ரெங்கத்துல இருந்து எது நல்ல வழி? காடியா, பஸ்ஸா, ரயிலா? பகல் முழுக்க அங்க சுத்தலாம்னு இருக்கோம், தம்பி சிங்கப்பூரைப் பார்த்ததே இல்ல. எங்க கூட்டிட்டுப் போகலாம்?

அம்மா கேட்டது: "தலைய ஆட்டுறதுக்கு இவ்வளவு வெள்ளியா? நம்ம கோயில் திருவிழாவுல சும்மாவே ஆட்டலாமேடா." இதுக்கும் யாராவது பதில் சொல்லுங்க.

டபுள்பெடல் · 4 ஜனவரி 2017

அண்ணே, நான் தினமும் ஜொகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவன், சொல்றதைக் கேளுங்க. காடி வேணாம். திரும்பி வரும்போது ஸ்டேடியம் கார் பார்க்கை விட்டு வெளிய வரவே பாதி ராத்திரி ஆயிடும்.

சிம்பாங் ரெங்கம் டோல் ஏறி ஜொகூர் பாரு லார்கின் பஸ் நிலையம் வரைக்கும் காடியில வந்து, அங்க நிறுத்திட்டுப் பஸ் பிடிங்க. சிடபிள்யூ 2 இல்லன்னா 170. ரெண்டுமே குயின் ஸ்ட்ரீட் வரை போகும், அங்கேர்ந்து தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) நடந்தே போயிடலாம். சிடபிள்யூ 1ல ஏறிடாதீங்க, அது கிராஞ்சியோட நின்னுடும். ரெண்டு பக்கமும் இமிகிரேஷன்ல இறங்கி ஏறணும், டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடுத்து வர்ற அதே கம்பெனி பஸ்ல அதைக் காட்டித்தான் ஏறணும்.

ஸ்டேடியத்துக்கு பூகிஸ்ல எம்ஆர்டி ரயில் ஏறி, புரோமனாட்ல சர்க்கிள் லைன் மாறுங்க. ஸ்டேஷன் பேரே ஸ்டேடியம்.

ரயிலும் இருக்கு. ஜேபி (ஜொகூர் பாரு) சென்ட்ரல்ல இருந்து உட்லண்ட்ஸுக்கு ஷட்டல் தெப்ராவ் ரயில், அஞ்சே நிமிஷம், 5 வெள்ளி (ரிங்கிட்). ஆனா திரும்பி வரும்போது அதே 5, சிங்கப்பூர் வெள்ளி. இப்ப ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம்ம காசுல மூணு வெள்ளிக்கு மேல. உட்லண்ட்ஸ்ல இறங்கி ஊருக்குள்ள போக மறுபடியும் பஸ் பிடிக்கணும்ங்கிறதையும் கணக்குல வச்சுக்குங்க.

சிகரெட்டு கொண்டு போகாதீங்க. பிரிச்ச பாக்கெட்டா இருந்தாலும் வரி கட்டணும். வேப் மிஷின் பக்கமே போகாதீங்க. சூயிங்கம்மும் அப்படித்தான்.

குளுவாங் கோப்பி · 5 ஜனவரி 2017

தம்பி செம்பனை, வாழ்த்துகள். இதெல்லாம் கேக்கும்போது எனக்கு 2011 ஞாபகம் வருது. பிப்ரவரி 15, ஐயர்ன் மெய்டன் மெட்டல் குழு, இதே இண்டோர் ஸ்டேடியம். செவ்வாய்க்கிழமைதான், ஆனா அன்னைக்கு மௌலிதுர் ரசூல் (நபிகள் பிறந்தநாள்) லீவு. கான்சர்ட்டுக்கு லீவு கேக்காம போனது என் வாழ்க்கையில அது ஒண்ணுதான்.

அப்ப ரயில் தஞ்சோங் பகார் வரைக்கும் ஓடிச்சு. குளுவாங் ஸ்டேஷன்ல கோப்பியும் ரொட்டியும் சாப்பிட்டு ஏறினா (அந்தக் கேன்டீன் 1938ல இருந்து இருக்கு, என் அப்பாவே அங்க குடிச்சிருக்கார்) சிங்கப்பூர் நடு ஊர்ல போய் இறங்கலாம். அதே வருஷம் ஜூன் 30, கடைசி ரயிலை நம்ம ஜொகூர் சுல்தானே ஓட்டிட்டு வந்தார். அதோட மூடிட்டாங்க. இப்ப இருக்கிற பசங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க.

மெய்டன் அந்தச் சுற்றுக்கு போயிங் 757ல ஆளுங்களையும் சாமானையும் ஏத்திக்கிட்டு ஊர் ஊரா பறந்தாங்க. விமானத்தை ஓட்டினது பாடகர் புரூஸ் டிக்கின்சனேதான். சிங்கப்பூர் முடிச்சு ரெண்டே நாள்ல ஜகார்த்தா, அப்புறம் பாலி. நம்மளத் தாண்டித்தான் போனாங்க.

கம்பத்து வாத்தியார் · 6 ஜனவரி 2017

அனைவருக்கும் வணக்கம். இளைஞர்கள் உழைத்த காசை எப்படிச் செலவிடுவது என்பது அவரவர் விருப்பம். இருந்தாலும் ஒரு கேள்வி. இரண்டு பேரின் டிக்கெட், போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு பிள்ளையின் ஒரு பருவத்து டியூஷன் கட்டணம் ஆகாதா? அதையும் ஆங்கிலத்தில் கத்துகிற கூச்சலுக்காகவா? 2001-இல் மெகாடெத் என்ற குழுவுக்கு நம் நாட்டில் அனுமதி மறுக்கப்பட்டது. அதற்குக் காரணம் இல்லாமல் இருக்குமா? மண்டையோட்டைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிவது பண்பாடா?

குளுவாங் கோப்பி · 6 ஜனவரி 2017

வாத்தியாரய்யா, மண்டையோட்டு மாலை போட்ட காளியை நாம வெள்ளிக்கிழமை தவறாம கும்பிடுறோம். அதை விடுங்க.

2001ல நடந்தது எனக்கு நல்லா தெரியும், டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து வச்சிருந்தவன் நான். அந்தக் குழுவோட சின்னம் ஒரு எலும்புக்கூடு, அது இளைஞர்களுக்கு ஆகாதுன்னுதான் பேச்சு. அந்த வருஷம் நாடு முழுக்க பிளாக் மெட்டல் பயம். பள்ளிக்கூடத்துல பையன்களோட கறுப்புச் சட்டையைக்கூட சோதிச்சாங்க. பிளாக் மெட்டல் வேற, மெகாடெத் வாசிக்கிற த்ராஷ் வேறன்னு பிரிச்சுப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல.

அதுக்கும் முன்னால 1992. நீளமுடி வச்ச ராக்கர் டிவியில வரக்கூடாதுன்னாங்க. செர்ச் குழுப் பாடகர் ஏமி, விங்ஸ் குழுப் பாடகர் அவி ரெண்டு பேரும் முடியை வெட்டிக்கிட்டாங்க. செர்ச் எந்த ஊர்க் குழு? நம்ம ஜொகூர் பாரு, 1981ல ஆரம்பிச்சது. தோட்டத்துல எங்க லயத்துல (வரிசை வீடுங்க) கேசட் பெட்டி வச்சிருந்த ஒரே வீட்டுல ராஜா பாட்டு பாதி, செர்ச் பாதி ஓடும். தமிழ் ஆளுங்களுக்கு இந்தச் சத்தம் எங்கேயோ வெளிநாட்டுல இருந்து வந்து குதிச்சதுன்னு நினைக்காதீங்க.

சிங்கப்பூர் மட்டும் என்ன? 1972ல லெட் செப்பலின் ராக் குழு வந்தப்ப நீளமுடின்னு சொல்லிக் கச்சேரியே நடக்கல. 90கள்ல ஸ்லாம் ஆட்டத்துக்கே (ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி ஆடுறது) தடை. இப்ப அதே ஊர் மெட்டாலிக்காவுக்குக் கதவைத் திறந்து வச்சிருக்கு.

உறுமி85 · 7 ஜனவரி 2017

செம்பனை அண்ணே, காதுக்கு அடைப்பான் எடுத்துட்டுப் போங்க. நான் எண்ணெய் மில்லுல பாய்லர் பக்கம் வேலை. 85 டெசிபெல் தாண்டினாலே எங்களுக்குக் காது சோதனை, 90க்கு மேல அடைப்பான் இல்லாம நிக்க விடமாட்டாங்க. மெட்டல் கான்சர்ட் 100 ஈசியா தாண்டும். 100ல கால் மணி நேரம்தான் காது தாங்கும்னு பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க, நீங்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல நிக்கப் போறீங்க. மஞ்சள் நுரை அடைப்பான் ஒரு ஜோடி அம்பது காசு கூட வராது. உருட்டி, காதை மேல இழுத்துப் பிடிச்சு உள்ள விட்டு, விரிய விடணும். சும்மா வெளிய சொருகினா பிரயோஜனம் இல்ல.

கோயில்ல உறுமி அடிக்கிறப்பவும் நான் போட்டுக்குவேன். எங்க மேளத்துப் பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

அம்மா கேட்டதுக்குப் பதில்: அம்மா சொல்றது சரிதான். இடது பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்ச்சா வருதே ஒரு முனகல், நான் முதல்ல மெட்டல் கேட்டப்ப அதைத்தான் கிட்டார்ல கேட்டேன். தீமிதிக்குப் பத்து உறுமி, நாலு தவில், பம்பை எல்லாம் சேர்ந்து வேகம் கூட்டினா எந்த டிரம்மரும் வியர்ப்பான்.

தேக்கா அக்கா · 8 ஜனவரி 2017

பிள்ளைங்களா, நான் லாபிஸ்ல பிறந்து சிங்கப்பூர்ல வாக்கப்பட்டவ. ஊர் சுத்திக் காட்ட நான் இருக்கேன்.

குயின் ஸ்ட்ரீட்ல இறங்குனதும் நேரா தேக்கா சென்டர் வந்துடுங்க, பசியோட வாங்க. அப்புறம் சிராங்கூன் ரோட்டுல வீரமாகாளியம்மன் கோயில். அந்தக் கோயிலைக் கட்டினது கோயில் கட்ட வந்தவங்க இல்ல. பக்கத்துல சுண்ணாம்புக் காளவாயில வேலை செஞ்ச நம்ம ஆளுங்க. சுண்ணாம்புக் கம்பம்னுதான் அந்த இடத்துக்கே பேரு. தோட்டத்துக்காரங்களுக்கு அதைப் பார்த்தா ஒரு நெருக்கம் வரும்.

கேம்பல் லேன்ல இந்திய மரபுடைமை நிலையம் 2015ல திறந்தாங்க, ஏசி நல்லா இருக்கும், வெயிலுக்கு ஒதுங்க அதுவே போதும். கிட்டார் கடை, கறுப்புச் சட்டை வேணும்னா சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர். சைனாடவுன்ல சீனப் புத்தாண்டு விளக்கு போட்டிருப்பாங்க, 28ஆம் தேதி பெருநாளாச்சே. அங்கேயே சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827ல இருந்து இருக்கு. சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஓல்டு ஏர்போர்ட் ரோடு உணவங்காடி, ஸ்டேடியத்துக்குப் பக்கம். 1937ல திறந்த காலாங் விமான நிலையம் அந்தப் பக்கம்தான் இருந்துச்சு, பேரு அதுல இருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. 2013 கலவரத்துக்கு அப்புறம் லிட்டில் இந்தியாவுல சட்டம் வேற. சனிக்கிழமை காலை 7ல இருந்து திங்கள் காலை 7 வரைக்கும் தெருவுல நின்னு தண்ணி அடிக்கக் கூடாது. நீங்க வர்றது ஞாயிறு. புரிஞ்சுதா?

உறுமித் தம்பி, உங்க மேளத்தைத் தைப்பூசத்துக்கு இங்க கொண்டு வந்தா என்ன ஆகும்னு தெரியுமா? 1973ல இருந்து ஊர்வலத்துல இசைக்கருவிக்குத் தடை. போன வருஷம்தான், நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு, மூணு இடத்துல மட்டும் வாசிக்க விட்டாங்க. அதுவும் அவங்க ஏற்பாடு செஞ்ச இடத்துல, நடந்துக்கிட்டே இல்ல. 2015ல டெஸ்கர் ரோட்டுல மேளம் அடிச்சதுல தகராறாகி மூணு பேரைப் பிடிச்சாங்க. பெருமாள் கோயில்ல இருந்து தேங்க் ரோடு வரைக்கும் காவடி எடுத்துட்டு மௌனமா நடக்குற பிள்ளைங்களைப் பார்த்தா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும்.

ஆறாம்படிவம் · 8 ஜனவரி 2017

நான்தான் அந்தச் சித்தி மகன். அப்ப மெட்டாலிக்கா ஓகே, உறுமி நாட் ஓகேவா? இது என்ன நியாயம்?

கம்பத்து வாத்தியார் · 9 ஜனவரி 2017

தம்பி, அவசரப்படாதே. தடைக்கு ஒரு வரலாறு உண்டு. அக்காலத்தில் ஊர்வலத்தில் மேளக் குழுக்களுக்கு இடையே போட்டி முற்றி அடிதடி நடந்தது. பக்திக்காக வந்த கூட்டத்தில் ரத்தம் சிந்தினால் அரசு என்ன செய்யும்? மெட்டாலிக்கா மூடிய அரங்கில், டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் வாசிக்கிறது. தெரு பொது இடம். இரண்டையும் ஒன்றாக்குவது வாதத்துக்கு நன்றாக இருக்கும், நடப்புக்கு உதவாது. நம் பத்துமலையிலேயே உறுமியில் சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாது என்று ஆண்டுதோறும் சொல்கிறார்கள், யார் கேட்கிறார்கள்?

உறுமி85 · 9 ஜனவரி 2017

ஐயா, அடிதடி பண்ணவனைப் பிடிங்க. மேளத்தை ஏன் பிடிக்கணும்? பந்து விளையாட்டுலயும்தான் அடிதடி நடக்குது, பந்தைத் தடை பண்ணுவாங்களா?

சினிமாப் பாட்டு விஷயத்துல உங்க பக்கம்தான் நான். சாமி வர்ற நேரத்துல குத்துப்பாட்டு வாசிக்கிறவனைக் கண்டா எனக்கும் பிடிக்காது.

டபுள்பெடல் · 9 ஜனவரி 2017

ரெண்டையும் சேர்த்த ஆளுங்க அந்த ஊர்லயே இருக்காங்க. ருத்ரா கேட்டிருக்கீங்களா? 1992ல சிங்கப்பூர்ல நம்ம பசங்க ஆரம்பிச்ச குழு. கதிராசன் பேஸ் கிட்டார் வாசிச்சுப் பாடுறார், இல்ல, உறுமுறார். டெத் மெட்டல் மேல சமஸ்கிருத மந்திரம். முதல் ஆல்பம் 1998. "வேதிக் மெட்டல்"னே பேரு வச்சாங்க. வேதம் மெட்டலுக்குப் பொருந்துமான்னு சண்டை போடுறவங்க போடட்டும், தாளம் கேட்டா வேற எங்கேயும் கேட்காத மாதிரி இருக்கும். தமிழ்ல பாடியிருக்கலாமேன்னு எனக்கு ஒரு குறை உண்டு.

நம்ம நாட்டுல குரோமோக். 1987ல சிட்னியில படிச்ச மலேசிய மாணவர்கள் சேர்ந்தது. வெளிநாட்டுக் குழு வரலன்னு அழுறதுக்கு முன்னால இவங்களைக் கேளுங்க.

குளுவாங் கோப்பி · 10 ஜனவரி 2017

வாத்தியார் "மூடிய அரங்கு"ன்னு சொன்னது எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. நம்ம பக்கம் மேளத்துக்குத் தெரு இருக்கு, மெகாடெத்துக்கு அரங்கு கூட இல்லாம போச்சு. அவங்க பக்கம் மெட்டாலிக்காவுக்கு அரங்கு இருக்கு, மேளத்துக்குத் தெரு இல்ல. பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். எந்தச் சத்தம் பயம், எந்தச் சத்தம் பணம்னு ரெண்டு கரையும் தனித்தனியா கணக்கு வச்சிருக்கு. எங்க மாதிரி ஆளு ரெண்டு கரையிலயும் பாதிப் பாதி கேட்டுட்டுத் திரியறோம்.

செம்பனைக்காரன் · 24 ஜனவரி 2017

போயிட்டு வந்தாச்சு. நேத்து பெரட்டுக்கு நின்னேன், எப்படின்னு கேக்காதீங்க. இன்னைக்குத்தான் எழுத முடியுது.

காலையில இருட்டோட கிளம்பினோம். லார்கின்ல காடியை நிறுத்திட்டுப் பஸ். பாலத்துல கூட்டம் இல்ல. உட்லண்ட்ஸ்ல தம்பியோட பாஸ்போர்ட்டை ஆபீசர் ரொம்ப நேரம் பார்த்தார், "எங்க போற?"ன்னு கேட்டார். இவன் போட்டிருந்த சட்டையைக் காட்டினான். அவர் சிரிச்சுட்டு முத்திரை குத்திட்டார். அவரும் ரசிகரோ என்னமோ.

தேக்கா சென்டர்ல மூக்கு முட்டச் சாப்பிட்டோம். அங்க எல்லார் கையிலயும் போன், எல்லார் போன்லயும் சென்னை மெரீனா. ஜல்லிக்கட்டுக்காக அஞ்சாறு நாளா கடற்கரையில உக்காந்திருந்தாங்களே, பக்கத்து மேசையில தமிழ்நாட்டுத் தொழிலாளி அண்ணன்மார் நாலு பேரு அதை நேரலையா பார்த்துட்டு இருந்தாங்க. ஒருத்தர் எங்க கறுப்புச் சட்டையைப் பார்த்துட்டு, "போராட்டத்துக்கா தம்பி?"ன்னு கேட்டார். இல்லண்ணே, கான்சர்ட்டுக்குன்னு சொன்னேன். "எவ்வளவு டிக்கெட்டு?"ன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எங்க தேத்தண்ணிக்கும் சேர்த்து அவரே காசு குடுத்துட்டார். எவ்வளவு தடுத்தும் கேக்கல.

வீரமாகாளியம்மன் கோயில்ல தம்பி ரொம்ப நேரம் நின்னான். அக்கா சொன்ன சுண்ணாம்புக் காளவாய்க் கதையை அவன்கிட்ட சொன்னேன். எங்க தோட்டத்து மாரியம்மனும் அப்படித்தான், பால்மரம் வெட்ட வந்தவங்க போட்ட கொட்டகை. இப்ப பால்மரம் போயி செம்பனை வந்தாச்சு, ஆளு பாதி டவுனுக்குப் போயாச்சு, அம்மன் மட்டும் அங்கேயே. பெனின்சுலா போனோம். தம்பி ஒரு கிட்டாரைத் தொட்டுப் பார்த்துட்டு விலையைப் பார்த்ததும் கையை எடுத்துட்டான். மூணால பெருக்கினா எதையும் வாங்க மனசு வராது. சைனாடவுனுக்கு நேரம் இல்ல.

ஓல்டு ஏர்போர்ட் ரோட்டுல சாப்பிட்டு ஸ்டேடியத்துக்கு நடந்தோம். கென்சோ டாங்கேன்னு ஒரு ஜப்பானியர் வடிவமைச்ச கட்டடமாம், 1989ல திறந்தது. கூரை கூம்பா இருக்கு. வரிசைல ஜகார்த்தா, பினாங்கு, சாபா, மணிலா, எல்லா ஊர் ஆளும். தலை நரைச்ச மலாய்க்கார அபாங் (அண்ணன்) ஒருத்தர், மகளைக் கூட்டிட்டு வந்திருந்தார். 1993ல மெட்டாலிக்கா இதே இடத்துக்கு வந்தப்ப தனியா வந்தாராம். அப்ப ஆடினா வெளிய தள்ளிடுவாங்கன்னு சொன்னார்.

செம்பனைக்காரன் · 24 ஜனவரி 2017

தொடர்ச்சி.

விளக்கு அணைஞ்சதும் சினிமா இசையமைப்பாளர் மொரிகோனேவோட இசை. 80கள்ல இருந்து அதைப் போட்டுத்தான் மேடை ஏறுறாங்க. கூட்டமே வாயால அந்த ராகத்தைப் பாடுது, சொல்லே இல்லாத ராகம். அப்புறம் நவம்பர்ல வந்த புது ஆல்பத்தோட தலைப்புப் பாட்டுல அடிச்சுத் தூக்கினாங்க.

முதல் ரெண்டு பாட்டுக்கு நான் நின்ன இடத்துல கிட்டார் பிரிஞ்சு கேக்கல, டிரம்மும் பேஸும் ஒரே குழம்பு. உறுமி சொன்ன அடைப்பானைப் போட்டதும்தான் தெளிவாச்சு. அது அதிசயமா இருந்துச்சு: சத்தத்தைக் குறைச்சதும் பாட்டு கேக்குது. தம்பி போட மாட்டேன்னான். பாதியில கையை நீட்டி வாங்கிக்கிட்டான்.

பேஸ் வாசிக்கிற ட்ருஹியோ கிட்டாரை முழங்காலுக்குக் கீழ தொங்கவிட்டு நண்டு மாதிரி நடக்கிறார். டிரம்மர் லார்ஸ் உல்ரிக் பத்தி நெட்டுல எல்லாரும் கிண்டல் பண்றாங்க, தாளம் தப்புறார்னு. நேர்ல பார்த்தா அது பெரிய விஷயமா படல. அந்த ஆளு எழுந்து நின்னு அடிக்கிறப்ப கூட்டம் எழும்புது, எனக்கு அது போதும். கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமட் தனியா வாசிச்ச நேரம்தான் எனக்குக் கொஞ்சம் இழுவை.

"ஒன்" பாட்டு. போர்ச் சத்தம், விளக்கு வெடிப்பு, அப்புறம் அமைதியா அந்தக் கிட்டார். கடைசிப் பகுதியில டிரம்மோட டபுள் பெடல் (ரெண்டு காலால மிதிக்கிறது) துப்பாக்கி மாதிரி வருதே, அது காதுல கேக்கல, நெஞ்செலும்புல கேட்டுச்சு. அப்ப தம்பி என் தோளைப் பிடிச்சு உலுக்கி என்னமோ கத்தினான். என்னன்னு வெளிய வந்துதான் கேட்டேன். "தீமிதி மாதிரி இருக்குண்ணே" அப்படின்னானாம். அம்மா கேள்விக்கு அதுதான் பதில், ஆனா வீட்டுல சொல்லல.

"மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்"ல என் குரல் போச்சு. முன்னால வட்டம் கட்டி மோதிக்கிட்டு ஆடினாங்க, ஒருத்தன் விழுந்தா நாலு பேரு தூக்கி விடுறாங்க. காவலர் பார்த்துட்டு நின்னாங்க, தடுக்கல. அந்த அபாங்கோட மகள் உள்ள போய் ஆடிட்டு முடியெல்லாம் கலைஞ்சு சிரிச்சுக்கிட்டே வந்தா. அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"என்டர் சாண்ட்மேன்"ல முடிச்சாங்க. முடிஞ்சும் ரொம்ப நேரம் மேடையை விட்டுப் போகல, நாலு பேரும் கிட்டார் பிக்கு, டிரம் குச்சி எல்லாம் வாரி வீசிக்கிட்டே இருந்தாங்க. எங்க பக்கம் ஒண்ணும் வரல.

திரும்பி வர்றப்பதான் கூத்து. எம்ஆர்டி கூட்டத்துல நின்னு குயின் ஸ்ட்ரீட் வந்தா பஸ் வரிசை தெரு முனை வரைக்கும். பாலத்துல மோட்டோக்காரங்க சர்ருனு போறாங்க, நாங்க பஸ்ல நின்னுக்கிட்டே தூங்கறோம். லார்கின்ல காடி எடுத்து ரெங்கம் வந்து குளிச்சிட்டு நேரா பெரட்டு. மண்டோர் (கங்காணி) கேட்டார், "கிராணி, கண்ணு ஏன் சிவந்திருக்கு?" கோயில் விசேஷம்னு சொன்னேன்.

தேக்கா அக்கா · 24 ஜனவரி 2017

ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராம போயிருக்கீங்க. அடுத்த தடவை சாப்பாடு இங்கதான், சொல்லிட்டேன். அந்தத் தமிழ்நாட்டுத் தம்பி காசு குடுத்தது... ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வர்றவங்களுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான். நல்லா இருக்கணும் அவங்க.

கம்பத்து வாத்தியார் · 25 ஜனவரி 2017

முழுவதும் படித்தேன். எழுத்து நன்றாக இருக்கிறது. நீங்கள் சொன்ன "ஒன்" பாட்டை என் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்து படுத்திருக்கும் ஒரு சிப்பாயைப் பற்றியது என்று விளக்கினான். பொருள் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கூச்சல் என்ற என் கருத்து மாறவில்லை. புறநானூற்றில் போர்க்களத்தைக் கூச்சல் இல்லாமலே சொல்லியிருக்கிறார்கள்.

குளுவாங் கோப்பி · 25 ஜனவரி 2017

புறநானூற்றுப் போர்க்களத்துல முரசு முழங்கலியா வாத்தியாரய்யா? முரசு சத்தம் இல்லாம எந்த ராஜா கிளம்பினான்?

கம்பத்து வாத்தியார் · 25 ஜனவரி 2017

முரசுக்கு ஒரு முறை உண்டு. முரசு கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய புலவர் மோசிகீரனாரை வெட்டாமல் சேரன் விசிறிவிட்டான். உங்கள் மேடையில் ஏறி ஒருவன் தூங்கினால் விசிறுவார்களா?

டபுள்பெடல் · 25 ஜனவரி 2017

முதல்ல தூங்க முடியுமா ஐயா?

உறுமி85 · 26 ஜனவரி 2017

செம்பனை அண்ணே, அடைப்பான் விஷயத்தைப் படிச்சு மில்லுல எல்லாருக்கும் காட்டிட்டேன். பிப்ரவரி 9 தைப்பூசம், நம்ம மேளம் இறங்குது. தம்பியைக் கூட்டிட்டு வாங்க, தீமிதி மாதிரின்னு சொன்னவன் கிட்டவந்து கேக்கட்டும். சினிமாப் பாட்டு கிடையாது.

ஆறாம்படிவம் · 26 ஜனவரி 2017

வர்றேண்ணே. அடைப்பானோட.

டபுள்பெடல் அண்ணே, ஒரு சந்தேகம். எனக்கு டிரம் பழகணும். செட்டு வாங்க காசு இல்ல, வச்சு அடிக்க வீடும் இல்ல, லயத்துல சுவர் ஒண்ணுதான், பக்கத்து வீட்டுப் பாட்டி சத்தம் போடுவாங்க. எப்படி ஆரம்பிக்கிறது?

டபுள்பெடல் · 26 ஜனவரி 2017

செட்டு வேணாம். ரப்பர் பேட் ஒண்ணு, குச்சி ஒரு ஜோடி, போன்ல மெட்ரோனோம் (தாளம் தட்டுற ஆப்). நிமிஷத்துக்கு 60ல வச்சு வலது இடது, வலது இடது, ஒரு வாரத்துக்கு அது மட்டும். அலுத்துப் போகும், விட்டுடாத. காலுக்கு: நாற்காலியில உக்காந்து, குதிகாலைத் தூக்கி, செருப்பில்லாம தரையில தட்டு. சத்தம் வராது, பாட்டிக்குத் தெரியாது. ரெண்டு காலும் ஒரே அளவு விழுதான்னு பாரு, இடது கால் சோம்பேறித்தனம் பண்ணும். அது சரியாகுற வரைக்கும் வேகத்தை 70க்கு ஏத்தாத. சரியானதும் சொல்லு, என்கிட்ட பழைய சிங்கிள் பெடல் ஒண்ணு ஜேபியில சும்மா கிடக்கு.